அளந்தவன் படகில் ஏறணும்

போன வாரம் தபஸிடமிருந்து போன் வந்தது. நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு எழுந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். நாற்காலியின் ஒரு கால் ஆடும் என்பதை அப்போது நான் சொல்லவில்லை. அதைப் பற்றித்தான் கேட்கிறாரோ என்று பயந்தேன்.

"சார், ஒரு சந்தேகம். புது மோட்டார் எல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். ஒயரைச் செருகினா லேப்டாப்பே எல்லாத்தையும் சொல்லிடுது. ஆனா படகுக்காரங்க ஒரு பழைய ரூல் சொல்றாங்க. மோட்டாரைச் சோதிச்சவர் யாரோ, அவர்தான் பான் வர்ற அன்னிக்குப் படகுல உட்காரணுமாம். இப்ப சோதிக்கிறது லேப்டாப். யார் உட்காரணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஓய்வு பெற்றவனிடம் ஒரு கேள்வி வருவதே அபூர்வம். வந்ததை உடனே செலவழித்துவிட மனசு வரவில்லை.

பான் என்பதைத் தமிழ்நாட்டுச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி நான் அலுத்துப்போயிருக்கிறேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, முக்கியமாக மழைக்காலத்தில், கடலின் ஏற்றம் ஹூக்ளி நதிக்குள் ஒரு நீர்ச்சுவராக ஏறி வரும். கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆறு சட்டென்று மனசை மாற்றிக்கொண்டு திரும்பி ஓடும். கரையோரத்தில்தான் அது உடைந்து அறையும். கட்டிப்போட்ட படகு படித்துறையில் மோதிச் சில்லாகிவிடும். அதனால் படகுக்காரர்கள் பானுக்கு முன்னால் நடு ஆற்றுக்குப் போய், அலைக்கு நேராக மூக்கைத் திருப்பிவைத்துக் காத்திருப்பார்கள். ஓடி ஒளிய வேண்டிய நேரத்தில் எதிரே போய் நிற்கிற தொழில் அது. அந்த நேரத்தில் மோட்டார் நின்றால் படகு பக்கவாட்டில் திரும்பும். திரும்பினால் கவிழும்.

திருச்சியில் இயந்திரவியல் படித்தவன் நான். நான்கு வருடப் படிப்பில் படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு மோட்டாரைப் பார்த்தது ஒரு பாடப்புத்தகத்தின் ஓரப்படத்தில். வேலை கிடைத்ததோ கல்கத்தாவின் கார்டன் ரீச்சில், ஆற்றின் ஆழத்தை அளக்கும் படகுகளைப் பராமரிக்கும் பட்டறையில். ஹூக்ளியின் அடியில் மணல் திட்டுகள் வாரத்துக்கு ஒருமுறை வீடு மாற்றும். அவை எங்கே குடிபோயிருக்கின்றன என்று சின்னப் படகுகள் தேடிச் சொன்னால்தான் பெரிய கப்பல்கள் வரலாம். இவ்வளவு முக்கியமான வேலையில் சேர்ந்தவனுக்கு நீச்சல் தெரியுமா என்று நேர்முகத்தில் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. முதல் சில வருடங்களில் ஸ்பானர் பிடிக்கவும், வங்காளத்தில் சண்டை போடவும், வெங்கட் என்ற என் பெயர் 'பெங்கட்' ஆகிவிட்டதைப் பொறுத்துக்கொள்ளவும் கற்றேன். பயிற்சிக் காலம் பற்றி அவ்வளவுதான்.

என் மேலதிகாரி சான்யால் பாபு. ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஹோமியோபதிக் குப்பி இருக்கும். தன் வயிற்றைப் பற்றி அவருக்கு இருந்த அக்கறையில் பாதிதான் மோட்டார்களுக்குக் கிடைத்தது, அதுவே உலகத்தில் எந்த மோட்டாருக்கும் கிடைக்காத அக்கறை. மோட்டாரை அவர் 'பத்ரலோக்' என்பார், அதாவது கனவான். "இன்னிக்கு இந்த பத்ரலோக் என்ன சொல்றார்னு கேப்போம்" என்றுதான் எந்தச் சோதனையும் தொடங்கும்.

கம்ப்ரஷன் பார்ப்பது என்பது ஒரு மோட்டாரின் நாடி பார்ப்பது. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறும்போது காற்றை எவ்வளவு இறுக்குகிறது என்பதுதான் விஷயம். இறுக்கம் குறைந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் தேய்ந்துவிட்டன, அல்லது ஒட்டிக்கொண்டுவிட்டன. சான்யால் பாபு அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் மோட்டாரை ஓடவிட்டுச் சூடாக்க வேண்டும். பிறகு அணைத்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்ற வேண்டும். ஒன்றை மட்டுமல்ல, எல்லாவற்றையும். பொறி வராமல் சுவிட்சைத் துண்டிக்க வேண்டும். த்ராட்டிலை முழுக்கத் திறந்துவைக்க வேண்டும், டாக்டர் 'ஆ' சொல்லச் சொல்வது போல. பிளக் இருந்த ஓட்டையில், அழுத்தத்தைக் காட்டும் கேஜின் குழாயைத் திருகிவிட்டு, முள் மேற்கொண்டு நகராமல் நிற்கும்வரை மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுக்க வேண்டும். இழுப்பவர் முள்ளைப் பார்க்கக் கூடாது. முள்ளைப் பார்ப்பவர் வாய் திறக்கக் கூடாது. சான்யால் பாபு இருவருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆற்றைப் பார்ப்பார். எல்லா சிலிண்டரும் முடிந்த பிறகுதான் அளவைச் சொல்லலாம்.

"முதல் எண்ணைச் சொன்னா ரெண்டாவது எண்ணு வெக்கப்படும்" என்பார். வெட்கப்படுவது எண் அல்ல, படிப்பவன் கண்தான் முதல் எண்ணின் பக்கம் சாய்ந்துவிடும் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது.

கடைசியாக அந்த ரூல். அளவைப் படித்தவன் அடுத்த பானுக்கு அந்தப் படகில் ஏற வேண்டும். எழுத்தில் எங்கேயும் கிடையாது. சான்யால் பாபு சொன்னார், பட்டறை கேட்டது. அவருமே பலமுறை ஏறியிருக்கிறார், ஹோமியோபதிக் குப்பியோடு.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களிடம் ஒரு கிழட்டு மோட்டார் இருந்தது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒன்றின் மேல் ஒன்று. பெயிண்டின் அசல் நிறம் என்ன என்பதில் பட்டறைக்குள் இரண்டு கட்சிகள் இருந்தன. அதை ஓட்டியவர் ஹராதன். என்னைவிட மூத்தவர் என்பதால் எல்லோரையும் போல நானும் ஹராதன்தா, அதாவது ஹராதன் அண்ணா, என்பேன். அவர் அந்த மோட்டாரை 'புடோ' என்பார், கிழவன். திட்டும்போதும் புடோ, கொஞ்சும்போதும் புடோ. அவர் மனைவியும் அவரை அப்படித்தான் கூப்பிடுவதாகக் கேள்வி.

அந்த மழைக்காலத்தில் மேலிடத்திலிருந்து ஒரு முடிவு வந்தது. புடோ கம்ப்ரஷன் சோதனையில் தேறினால் இன்னும் சில பருவம் ஓடலாம். தேறாவிட்டால் கழித்துக்கட்டிவிட வேண்டும். பதிலுக்குப் புது மோட்டார் கிடையாது. படகைக் கரையேற்றிவிடுவார்கள். ஹராதன்தாவுக்கு வாசலில் காவல் வேலை.

"கேட்டுல உக்காந்து என்ன பண்றது பாபு? வர்றவனெல்லாம் ஆத்துலேர்ந்து வர்றான், போறவனெல்லாம் ஆத்துக்குப் போறான். நான் நாற்காலியில ஆழம் பாக்கணுமா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அன்று மத்தியானம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

சோதனை நாள். மோட்டாரைச் சூடாக்கினோம். பிளக்குகளைக் கழற்றினோம். இந்த இடத்தில் சான்யால் பாபுவின் வழக்கம் ஒன்று உண்டு. மண் குவளையில் ஒரு டீ. "பத்ரலோக் ஒரு மூச்சு விடட்டும்" என்பார். டீக்காரன் வாசலுக்கு வந்து நிற்பான், நாங்கள் இருவரும் அங்கே போய்க் குடித்துவிட்டு, குவளையைப் போட்டு உடைத்துவிட்டு, மோட்டார் ஆறுவதற்குள் திரும்பி வருவோம்.

திரும்பி வந்து அளந்தேன். மேல் சிலிண்டர் நூற்றுப் பதினெட்டு பவுண்டு. கீழ் சிலிண்டர் நூற்றுப் பதினாறு.

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. ஹராதன்தா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு கயிற்றைச் சுருட்டினார். சான்யால் பாபு மட்டும் ஆற்றிலிருந்து திரும்பி என்னை உற்றுப் பார்த்தார்.

"இந்த வயசுல இப்படி ஒரு ரிப்போர்ட்டா? என்னைக் கூட்டிட்டுப் போய் டெஸ்ட் பண்ணாக்கூட இப்படி வராது."

"முள்ளு அங்கதான் சார் நின்னுது."

"நின்னிருக்கும். நீங்க பாத்தீங்க, நீங்க ஏறுவீங்க. அடுத்த பான் இன்னும் பத்துப் பன்னண்டு நாள்ல வந்துரும். அதுக்குள்ள ஒருதடவை ஓட்டிப் பாருங்க பெங்கட் பாபு."

கேஜின் குழாயில் பிசுபிசுப்பாக ஏதோ ஒட்டியிருந்ததைக் கைக்குட்டையால் துடைத்து, பெட்டியில் வைத்து மூடினேன்.

மத்தியானமே ஓட்டிப் பார்த்தோம். புடோ முதல் இழுப்பில் கிளம்பவில்லை. ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு நீலப்புகை கக்கிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச தூரம் ஜோராகப் போனது. சூடு ஏறியதும் சுணங்கியது. ஆறு கடலை நோக்கி வடிந்துகொண்டிருந்த நேரம். அதற்கு எதிராக நாங்கள் முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தோம். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்தேன். ஒரு வேட்டியை முழுதாகத் துவைத்து, பிழிந்து, உதறிவிட்டு நிமிர்ந்தவர் மறுபடியும் கையசைத்தார். நாங்கள் அதே இடத்தில்தான் இருந்தோம்.

"புடோவுக்கு இன்னிக்குக் கோபம்" என்றார் ஹராதன்தா.

எனக்குக் குழப்பம். அளவு பிரமாதம், ஓட்டம் பரிதாபம். கம்ப்ரஷன் நன்றாக இருந்தால் பெட்ரோல் வருகிற வழியில் கோளாறு இருக்கலாம், பொறியில் கோளாறு இருக்கலாம் என்று புத்தகம் சொல்கிறது. இரண்டையும் பார்த்தேன், ஒழுங்காக இருந்தன. நான் துப்பறியும் கதைகள் நிறையப் படிப்பவன். பாதிக் கதையிலேயே குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடுவேன், பெரும்பாலும் தப்பான ஆளை. அன்று பஸ்ஸில் என் வீடிருந்த லேக் கார்டன்ஸ் வந்து சேரும்வரை எனக்குத் தப்பான ஆள்கூடக் கிடைக்கவில்லை.

வீட்டில் என் மனைவி ராஜி துவைக்கத் துணி எடுத்தவள், என் கைக்குட்டையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏன்னா, இன்னிக்கு மத்தியானம் எங்க சாப்ட்டேள்?"

"நீ குடுத்த தயிர்சாதந்தான். ஏன்?"

"கர்சீப் வேற சொல்றதே."

"என்ன சொல்றது?"

"கடுகெண்ணெய். யாராத்துல மீன் சாப்ட்டுட்டு வந்தேள்? சொல்லிடுங்கோ, நான் ஒண்ணும் ஊருக்கு எழுதிப் போட மாட்டேன்."

வாங்கி முகர்ந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கல்கத்தாவின் காற்றிலேயே கடுகெண்ணெய் கலந்திருக்கிறது. தெருத்தெருவாகச் சுற்றுகிறவன் மூக்கு சில வருடங்களில் அதைப் பொருட்படுத்துவதை விட்டுவிடும். ராஜி வீட்டுக்குள் நல்லெண்ணெய்க் கோட்டை கட்டி வாழ்ந்தவள். எதிரி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் அவளுக்குத் தெரியும்.

"இது மோட்டாரைத் தொடச்ச துணிடீ."

"மோட்டார்ல அப்பளம் பொரிச்சாளா?"

அங்கேதான் எனக்குக் கதை விளங்கியது. தேய்ந்த ரிங்குள்ள சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டால், ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை எண்ணெய் அடைத்துக்கொள்ளும். காற்று தப்பாது. கேஜ் முள் இளமையாக எழுந்து நிற்கும். எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்குகளே செய்து பார்க்கிற சோதனைதான் அது. மோட்டாரை ஓட்டினால் எண்ணெய் எரிந்துவிடும், வயது திரும்ப வந்துவிடும். அதைச் செய்ய நாங்கள் வாசலில் டீ குடித்த நேரம் போதும், அப்போது மோட்டார் பக்கத்தில் இருந்தவர் ஹராதன்தா ஒருவர்தான்.

மறுநாள் காலை சான்யால் பாபுவையும் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். ஹராதன்தா மறுக்கவில்லை. மடியிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"ரெண்டு ரெண்டு ஸ்பூன்தான் விட்டேன். எங்க மச்சான் சுகர் டெஸ்டுக்குப் போறதுக்கு முன்னாடி மூணு நாள் ரசகுல்லாவைத் தொட மாட்டான். டாக்டர் 'சபாஷ்'ம்பார். அவன் செஞ்சா கெட்டிக்காரத்தனம், புடோவுக்கு நான் செஞ்சா குத்தமா?"

"அந்த மச்சான் இப்ப எப்படி இருக்கார்?" என்றார் சான்யால் பாபு.

ஹராதன்தா பாட்டிலின் மூடியைத் திருகி இறுக்கினார். மச்சானின் கால் விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது.

"பான்ல இது நின்னா நீயும் போவ, பெங்கட் பாபுவும் போவார். அவருக்கு நீச்சல்கூடத் தெரியாது."

சான்யால் பாபுவுக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் திகைத்தேன்.

ஹராதன்தா என் பக்கம் திரும்பினார். "நெஜமாவா பாபு?"

"ஆமாம்."

"அப்புறம் எப்படி ஆத்து வேலைக்கு வந்தீங்க?"

"யாரும் கேக்கலை. நீங்க எண்ணெய் விட்டீங்களான்னு நாங்க கேக்காத மாதிரிதான்."

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். உடனே முகம் மாறியது. "பான்ல நான் எப்பவும் இருக்கேன் பாபு. எனக்கு அது பழக்கம். உங்களை நான் யோசிக்கல." பாட்டிலை மறுபடி மடியில் செருகிக்கொண்டு, "கேட் வேலைதானா அப்ப?" என்றார்.

"அதை பத்ரலோக் சொல்லட்டும்" என்றார் சான்யால் பாபு. "ஆனா இந்த முறை டீயை இங்க கொண்டுவரச் சொல்லு."

எண்ணெய் இல்லாமல் அளந்தோம். மேலே நூற்று நான்கு. கீழே எழுபத்தொன்று. இரண்டும் பத்துப் பதினைந்து சதவீதத்துக்குள் நெருக்கமாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்துக்குப் பெயர் தோல்வி. ஆனால் சான்யால் பாபு தோல்வி என்று சொல்லவில்லை. "கீழ்வீட்டுக்காரருக்கு என்ன கஷ்டம்னு தெறந்து பாக்கலாமே" என்றார். அவர் குரலில் இருந்தது முழுக்க ஆர்வம். எனக்கும் அது தொற்றிக்கொண்டது.

திறந்தோம். கீழ்ப் பிஸ்டனின் ரிங்குகள் தங்கள் பள்ளத்துக்குள் பிசின் போட்டு ஒட்டியதுபோல உட்கார்ந்திருந்தன. ரிங் என்பது ஸ்பிரிங் போல விரிந்து சிலிண்டர் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். இங்கே விரிய வழியில்லை. அதாவது தேய்மானம் பாதி, ஒட்டிக்கொண்டது பாதி. விசாரித்ததில், ஹராதன்தா பல மாதமாகவே பெட்ரோலில் கலக்கும் எண்ணெயை அளவுக்கு மேல் விட்டுவந்திருக்கிறார். வயசான உடம்பு, நாலு சொட்டு கூடப் போகட்டும் என்று. கம்பெனி எண்ணெய் தீர்ந்த நாட்களில் வீட்டுக் கடுகெண்ணெய். அது சூட்டில் காய்ந்து வார்னிஷ் ஆகிவிட்டது. தண்ணீர் ஓடிக் குளிர்விக்க வேண்டிய பாதைகளிலோ ஹூக்ளி வண்டல். களிமண்ணில் துர்க்கை சிலை செய்கிறவர்கள் பார்த்தால் விலை பேசியிருப்பார்கள். குளிர்ச்சி இல்லாததால் சூடு, சூட்டால் மேலும் கரி, கரியால் மேலும் ஒட்டல். அன்புதான் இவ்வளவையும் செய்திருந்தது.

அடுத்த சில நாட்கள் என் பணிக்காலத்திலேயே நான் மிகவும் ரசித்தவை. பிஸ்டனை மண்ணெண்ணெயும் தின்னரும் கலந்த குளியலில் ஊறப்போட்டோம். ரிங்குகள் இளகியதும் கழற்றினோம். பள்ளத்துக்குள் இருக்கும் கரியைச் சுரண்டக் கத்தி கூடாது, அலுமினியத்தைத் தின்றுவிடும். பழைய ரிங் ஒன்றை உடைத்து அதன் முனையால்தான் சுரண்ட வேண்டும். அந்தப் பள்ளத்துக்கு அதைவிடப் பொருத்தமான கருவி உலகத்தில் கிடையாது. ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரே ஒரு செட் புது ரிங்கைச் சிலிண்டருக்குள் நேராகத் தள்ளி, இரு முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியை மெல்லிய தகடு நுழைத்து அளந்தோம். டூ ஸ்ட்ரோக் ரிங்குக்குப் பள்ளத்தில் ஒரு குட்டி ஊசி உண்டு. ரிங்கின் இரண்டு முனையும் அதன்மேல் சந்திக்க வேண்டும். தப்பினால் முதல் இழுப்பிலேயே ரிங் உடையும். அதை ஹராதன்தாதான் மாட்டினார். அந்த நேரத்தில் அவர் மூச்சு விட்டதாக நினைவில்லை. தண்ணீர் பம்பின் ரப்பர்ச் சக்கரத்தை மாற்றினோம். பாதைகளைக் குத்திக் குத்திக் கழுவினோம். சிலிண்டரின் மூடியான ஹெட்டின் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பிறகு புது ரிங்குகள் சுவரோடு பழகும்வரை மெதுவாகவே ஓட்டினோம்.

மறுபடி சோதனை. சான்யால் பாபு மோட்டார் பக்கத்திலேயே நின்று டீ குடித்தார். ஹராதன்தா கயிற்றை இழுத்தார். நான் முள்ளைப் பார்த்தேன். மேலே நூற்றொன்று. கீழே தொண்ணூற்றேழு.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கடுகெண்ணெய் கொடுத்த நூற்றுப் பதினெட்டு எங்கே, இவ்வளவு பாடுபட்டு வந்த நூற்றொன்று எங்கே? மேல் சிலிண்டரோ முன்னைவிடவும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உள்ள இருந்த கரி போயிடுச்சு, எடம் விசாலமாச்சு. அதான் எறங்கியிருக்கு. அது நெஜமான எண்ணு" என்றார் சான்யால் பாபு. "ஒருத்தர் பலசாலி, ஒருத்தர் நோயாளின்னா மோட்டார் உதறும். ரெண்டு பேரும் சமமா சுமாரா இருந்தா ரொம்ப நாள் ஓடும்." குப்பியிலிருந்து இரண்டு மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, "கல்யாணம் மாதிரி" என்றார்.

புடோ தேறியது. நான்தான் படித்தேன், ஆகவே நான்தான் ஏற வேண்டும்.

பான் வந்த மத்தியானம் ஆறு அசாதாரணமாக வடிந்து கிடந்தது. ராஜியிடம் ஆபீஸ் வேலை என்று மட்டும் சொல்லியிருந்தேன், பொய்யில்லை. லைஃப் ஜாக்கெட்டைப் போட்டு, அதன்மேல் இன்னொன்றும் போட முடியுமா என்று பார்த்தேன். புடோ இரண்டாவது இழுப்பில் கிளம்பியது. நடு ஆற்றில் நாற்பது ஐம்பது படகுகள், எல்லாம் தெற்கே மூக்கை நீட்டிக்கொண்டு. கரைகளிலிருந்து "பான் ஆஷ்ச்சே! பான்!" என்று, அதாவது பான் வருகிறது என்று, கூச்சல் எழுந்து படித்துறை படித்துறையாக எங்களை நோக்கி வந்தது. கூச்சலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கோடு. கோடு வரப்பானது. வரப்பு சுவரானது.

ஹராதன்தா த்ராட்டிலைப் பிடித்திருந்தார். "பாபு, அந்த எண்ணு சரியாப் பாத்தீங்கதானே?"

"இப்பவா கேக்கறது!"

படகு எழுந்தது. மூக்கு வானத்தைப் பார்த்தது, பிறகு அப்படியே விழுந்தது. பின்பக்கம் தூக்கியதில் விசிறி தண்ணீரைவிட்டு வெளியே வந்து புடோ ஓலமிட்டது. தண்ணீருக்குள் மறுபடி இறங்கியதும் அந்தச் சுமையில் அதன் குரல் கம்மி, ஒரு இருமல், இன்னொரு இருமல். மூக்கு லேசாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. நான் அந்த நேரத்தில் கும்பிட்டது எந்தச் சாமியையும் அல்ல. கீழ் சிலிண்டரைத்தான். தொண்ணூற்றேழு, தொண்ணூற்றேழு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று ஹராதன்தா பிறகு பட்டறை முழுக்கச் சொன்னார். இருமல் நின்றது. புடோ சுமையைப் பிடித்துக்கொண்டது. மூக்கு நேரானது. இரண்டாவது அலை, மூன்றாவது அலை, பிறகு வெறும் ஆட்டம். ஆறு எங்களைத் தாண்டிப் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது.

ஹராதன்தா மடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். பொரி. பிறகு அந்த பாட்டில். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் பாட்டிலைத் திறந்து பொரிமேல் தாராளமாக ஊற்றி, ஒரு பச்சைமிளகாயைக் கிள்ளிப் போட்டுக் கிளறி, என் முன்னால் நீட்டினார்.

"இதுக்குத்தான் பாபு இந்த எண்ணெய். சாப்பிடுங்க."

இரண்டு கையாலும் சாப்பிட்டேன்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே ராஜி மூக்கைச் சுளித்தாள். "மறுபடியும் கடுகெண்ணெயா? மோட்டாருக்கு விட்டாளா?"

"இல்லை. இந்தத் தடவை எனக்கு."

புடோ அதற்குப் பிறகும் பல பருவம் ஓடியது. ஓட்டம் முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவுவது, எண்ணெய் அளவோடு கலப்பது, பருவத்துக்கு ஒருமுறை கரி எடுப்பது, வேறு ரகசியம் ஒன்றுமில்லை. ஹராதன்தா ஓய்வு பெறும்வரை ஆற்றிலேயே இருந்தார். நான் ஏறிய பான்கள் எத்தனை என்று எண்ணவில்லை. நீச்சல் இன்றுவரை கற்கவில்லை. கற்றிருந்தால் முள்ளை அவ்வளவு கவனமாகப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்.

நேற்று தபஸைக் கூப்பிட்டேன். "யார் சோதிக்கிறாங்களோ அவங்கதான் ஏறணும். ரூல் ரூல்தான். அந்த லேப்டாப்பைப் படகுல ஏத்துங்க."

"ஐயோ சார், தண்ணி பட்டா போயிடுமே!"

"எனக்கும் அதே கவலைதான் இருந்தது" என்றேன்.